டிராக்டர் வாரண்டி: கம்பெனி குறையை ஜாப் கார்டில் ஏற்றுவது எப்படி

புது டிராக்டரில் ஆயில் சொட்டுகிறது என்று ஷோரூமுக்குப் போன் போட்டால் மெக்கானிக் வருவார், நாலு போல்ட்டை இறுக்குவார், "ஓட்டுங்க, செட் ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போவார். புகாரையும் செய்த வேலையையும் எழுதும் ஜாப் கார்டு போடாததால், அவர் வந்து போனது எந்தக் காகிதத்திலும் இருக்காது. ஆறு மாதம் கழித்து அதே இடம் மொத்தமாகப் போனால், கம்பெனி கணக்கில் அதுதான் முதல் புகார். அதற்குள் வாரண்டி முடிந்திருந்தால் செலவு உங்கள் தலையில். குறை எப்போது தொடங்கியது என்பதற்குத் தேதியும், இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரின் மணியும் சேர்ந்த எழுத்து இருக்க வேண்டும். வாரண்டி விஷயத்தில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வண்டி எடுக்கும் அன்றே பார்க்க வேண்டியவை

வாரண்டி பொதுவாக பில் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். மார்ச் கடைசியில் விற்பனைக் கணக்கு காட்டுவதற்காக முன்கூட்டியே பில் போட்டுவிட்டு, வண்டியைச் சித்திரையில் கொடுக்கும் பழக்கம் உண்டு. அப்படி நடந்தால் வாரண்டியில் சில வாரம் சும்மா போய்விடும். பில் தேதியும் டெலிவரி சலான் தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

விற்பனைச் சான்றான படிவம் 21-இல் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், தயாரித்த மாதம், வருடம் எல்லாம் இருக்கும். வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒரு எழுத்து விடாமல் ஒத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இழுக்கும், கம்பெனி கம்ப்யூட்டரில் கிளெய்ம் போடும்போதும் இழுக்கும். தயாரித்து எட்டு, பத்து மாதம் வெயிலில் யார்டில் நின்ற வண்டி என்றால் பேட்டரியும் டயரும் அதற்குள் வாடியிருக்கும். பேட்டரி வோல்டேஜை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நிற்கும்போது 12.6 பக்கம் இருக்க வேண்டும், ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் கோளாறு, அன்று வண்டியை எடுக்க வேண்டாம்.

வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள்: ஜிஎஸ்டி பில், படிவம் 21, கம்பெனி தரும் சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22, சர்வீஸ் புத்தகம், டீலர் சீல் போட்ட வாரண்டி அட்டை, பேட்டரிக்குத் தனி அட்டை, நாலு டயரின் சீரியல் நம்பர். பேட்டரி அட்டையைப் பூர்த்தி செய்யாமல் வெறுமனே கொடுத்துவிடுவார்கள். அங்கேயே நம்பரையும் தேதியையும் எழுதி சீல் வாங்குங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள்.

எத்தனை வருடம், எதற்கு

2 வருடம் அல்லது 2000 மணி, எது முந்துகிறதோ அது. இதுதான் நெடுநாளாக இருக்கும் வழக்கம். இப்போது 5 வருடம், 6 வருடம் என்று போர்டு வைக்கிறார்கள். அந்தக் கூடுதல் வருடங்கள் பல கம்பெனிகளில் இன்ஜின், கியர் பாக்ஸ் உள்பாகங்களுக்கு மட்டும்தான். மூன்றாம் வருடம் ஸ்டார்ட்டர் மோட்டார் போனால் "ஆறு வருஷ வாரண்டி" கை கொடுக்காது. விற்பனையாளர் வாயால் சொன்னதை விட்டுவிட்டு, வாரண்டி புத்தகத்தில் எந்தப் பாகத்துக்கு எத்தனை மாதம் என்ற பட்டியலைப் படியுங்கள்.

ஃபில்டர், ஆயில், பல்பு, ஃபியூஸ், ஃபேன் பெல்ட், ரப்பர் ஹோஸ், கிளட்ச், பிரேக் லைனிங் எல்லாம் தேய்மானப் பொருள். இவற்றுக்கு வாரண்டி கிடையாது அல்லது சில மாதம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கிராங்க் ஆயில் சீல் கசிந்து கிளட்ச் பிளேட் ஆயிலில் ஊறிப் போனால் அது தேய்மானம் இல்லை. வாரண்டிக்குள் இருக்கும் சீல் கெடுத்த கெடுதல் அது. சீலோடு சேர்த்து கிளட்ச் பிளேட்டையும் கேட்கலாம், கேட்க வேண்டும். கேட்காதவர்களிடம் கிளட்சுக்குத் தனி பில் வந்துவிடும்.

டயர், பேட்டரி, டீசல் பம்ப், சில மாடல்களில் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றை டிராக்டர் கம்பெனி செய்வதில்லை. இவற்றின் கிளெய்ம் அந்தந்தப் பொருளைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் டீலர் வழியாகப் போகும். டயருக்கு டயர் கம்பெனி ஆள் வந்து மீதிப் பட்டை எவ்வளவு என்று அளப்பார். தேய்ந்த அளவுக்குக் காசு கழித்துக்கொண்டுதான் புது டயர். கரும்புக் கட்டை குத்தியதும் கல் கிழித்ததும் அதில் சேராது. பக்கவாட்டில் புடைப்பு, பட்டை பிரிதல் என்றால் சேரும். டீசல் பம்பில் ஈய சீல் போட்டிருப்பார்கள். "பிக்கப் இல்லை" என்று ஊர் மெக்கானிக்கை விட்டு அதைத் திறந்தால், பம்புக்கும் வாரண்டி போச்சு, இன்ஜினுக்கும் சாக்கு கிடைத்துவிடும்.

கம்பெனி குறையா, ஓட்டியவர் குறையா

டீலரிடம் நடக்கும் வாக்குவாதமெல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். கம்பெனி ஆள் எதைப் பார்த்து முடிவு செய்வார் என்று தெரிந்திருந்தால் அதை முன்கூட்டியே நாமே பார்த்து வைக்கலாம்.

ஆயில் கசிவை எடுத்துக்கொள்வோம். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் பல மாடல்களில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் ஸ்பிளிட் பின் ஒன்று தொங்கும். அங்கே சொட்டினால் இரண்டு சீலில் ஒன்று போயிருக்கிறது. ராத்திரி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி அடியில் வெள்ளைத் தட்டு வையுங்கள். காலையில் கறுப்பாக, தண்ணியாக இருந்தால் இன்ஜின் ஆயில், அதாவது கிராங்கின் பின் சீல். மஞ்சள் கலந்த பழுப்பாக, கொழகொழப்பாக இருந்தால் கியர் ஆயில், அதாவது கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். எவ்வளவு சேர்ந்தது என்று மருந்து மூடியில் அளந்து எழுதுங்கள். "லேசா ஈரம் இருக்கும், அது சகஜம்" என்ற பதிலுக்கு "ஒரு ராத்திரிக்கு 40 மில்லி" என்பதுதான் சரியான மறுமொழி. சொட்டும் இடத்தை டீசல் விட்டுத் துடைத்து, காயவைத்து, அரை மணி ஓட்டியபின் எடுத்த வீடியோ இன்னும் நல்லது. எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் துல்லியமாகத் தெரியும்.

பின் அச்சு சீல் வேறு கதை. ஏரி ஆயக்கட்டில் சேடை ஓட்டும்போது சேறு அச்சுவரை ஏறும். சீல் விளிம்பில் வைக்கோலும் நைலான் கயிறும் சுற்றியிருந்தால் கம்பெனி அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு மறுக்கும். சேடை முடிந்த அன்றே சக்கரத்தின் உள்பக்கத்தைக் கழுவி, சுற்றியதை அறுத்தெடுங்கள். கியர் ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு வந்துவிட்டால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஒரு மணி நேரம்கூட ஓட்டாதீர்கள், பேரிங் சேர்ந்து போகும். சேற்றில் ஓட்ட இரும்புக் கூண்டுச் சக்கரம் (கேஜ் வீல்) மாட்டுபவர்கள் வாரண்டி புத்தகத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். லோக்கல் பட்டறையில் அகலமாக அடித்த கேஜ் வீல் அச்சுக்குக் கொடுக்கும் பாரம் கம்பெனிக்காரருக்கு நல்ல காரணம்.

புழுதிதான் மிகப் பெரிய வம்பு. மானாவாரி நிலக்கடலைக் காட்டில் கோடை உழவு ஓட்டும்போது கிளம்பும் செம்மண் புழுதி, ஏர் கிளீனருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸின் கிளாம்ப் கொஞ்சம் லூஸாக இருந்தாலே உள்ளே போய்விடும். சில நூறு மணியிலேயே லைனரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்து, ஆயில் குடிக்கும், இன்ஜினின் காற்றுப் போக்கியான பிரீதரில் புகை வரும். "கம்பெனி ரிங் சரியில்லை" என்று நீங்கள் சொல்வீர்கள். கம்பெனி இன்ஜினியர் வந்ததும் அந்த ஹோஸைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடைப்பார். துணியில் மண் ஒட்டினால் பேச்சு அங்கேயே முடிந்தது. அதனால் ஒவ்வொரு ஃப்ரீ சர்வீஸிலும் அந்த ஹோஸைக் கழற்றித் துடைத்துக் காட்டச் சொல்லி, ஹவர் மீட்டர் எண்ணோடு போட்டோ எடுத்து வையுங்கள். கிளாம்பை இறுக்காமல் விட்டது ஒர்க்‌ஷாப் ஆள் என்றால் பொறுப்பும் அவர்களுடையது. எந்தச் சர்வீஸுக்குப் பிறகு மண் வந்தது என்பதை அந்தப் போட்டோ வரிசை சொல்லும். ஆயில் பாத் ஏர் கிளீனர் என்றால் புழுதி வேலையின்போது கிண்ணத்து ஆயிலைத் தினமும் பார்க்க வேண்டும். அடியில் சேறு தங்கிவிட்டால் புத்தகத்தில் போட்ட மணிவரை காத்திருக்காமல் மாற்றுங்கள்.

சூடு ஏறுவது வேலூர் வெயிலில் சாதாரணம் என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் விற்கிறவர்கள் அந்த வெயிலுக்கும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஆனால் நம் பக்கத்துத் தப்பு இரண்டு இருக்கக்கூடாது. ரேடியேட்டர் சல்லடையில் நெல் தூசி அடைத்திருக்கக்கூடாது. கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றியிருக்கக்கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை சுற்றுப்பட்டில் போர் தண்ணீர் உப்பு. உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். மூடியைத் திறந்து அந்தப் படிவைக் காட்டினால் வாட்டர் பம்ப் கிளெய்மும் சேர்ந்து விழும்.

ஹைட்ராலிக் லிஃப்டுக்கு எளிய சோதனை: ரொட்டவேட்டரையோ கலப்பையையோ தூக்கி, இன்ஜினை அணைத்து, தரையிலிருந்து உயரத்தை டேப்பில் அளந்து, ஐந்து நிமிடம், அரை மணி கழித்து மறுபடி அளக்க வேண்டும். தூக்கிய கருவிக்கு அடியில் யாரும் போகக்கூடாது. இதை ஆயில் சூடாக இருக்கும்போது செய்ய வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பார்த்துவிட்டு "நல்லாத்தானே நிக்குது" என்பார்கள். ஆயில் கெட்டியாக இருந்தால் ஓ ரிங், வால்வு கசிவு தெரியாது. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்த அளவைத்தான் எழுத வேண்டும். கொஞ்சம் இறங்குவது எல்லா வண்டியிலும் உண்டு. அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரர் வண்டியிலும் அளந்து பார்த்தால் வித்தியாசம் கையில் இருக்கும்.

50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 ஜனவரி 1 முதல் புது மாசு விதி வந்தது. அவற்றில் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வருகிறது, கோளாறு வந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். மெக்கானிக் ஸ்கேனர் மாட்டி அதில் பதிந்த எரர் கோடு எண்ணை அழித்துவிட்டால் தடயமும் போய்விடும். அழிக்கும் முன் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுங்கள். இந்த வண்டிகளில் ஒயரைப் பிரித்து ஆடியோ செட்டோ கூடுதல் லைட்டோ போடுவது வாரண்டியைக் கையால் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

சர்வீஸ் கூப்பன்

சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு கூப்பன் இருக்கும். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணியில். அடுத்தவை 250, 500 என்று போகும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மணியோடு மாதக் கெடுவும் உண்டு. வண்டி ஓடாமல் நின்றாலும் மாதம் ஓடும். ஒரு சர்வீஸ் தவறினால் வாரண்டி மொத்தமாகப் போகாவிட்டாலும், அந்தக் கோளாறுக்கும் தவறிய சர்வீஸுக்கும் முடிச்சுப் போட அவர்களுக்கு இடம் கிடைக்கும். சொர்ணவாரி, நவரை நடவு நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் இடம் கிடைக்காது, சர்வீஸ் மணி நெருங்கினால் பத்து நாள் முன்பே வாட்ஸ்அப்பில் தேதி கேட்டு வையுங்கள். தாமதம் அவர்களால் என்பதற்கு அந்தச் செய்தியே சாட்சி. வெளியில் வாங்கி ஊற்றிய ஆயில் என்றால் கிரேடு எழுதிய பில் வேண்டும்.

ஹவர் மீட்டர் நின்றுவிட்டால் அன்றே புகார் கொடுங்கள். நின்ற மீட்டரோடு ஓட்டிய வண்டிக்கு மணியைக் குறைக்க வேண்டுமென்றே கழற்றியதாகத்தான் எழுதுவார்கள்.

புகாரைப் பதிவது

கோளாறு தெரிந்ததும் வண்டியை நிறுத்துங்கள். சத்தம் வந்தும் ஓட்டினால் "தெரிந்தே ஓட்டிக் கெடுத்தார்" என்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. சேஸிஸ் பிளேட், ஹவர் மீட்டர், கோளாறு இடம் மூன்றையும் போட்டோ எடுங்கள். முதல் போன் கம்பெனியின் இலவச எண்ணுக்கு, புகார் எண் வாங்கிக்கொண்டு அதன் பிறகு டீலருக்கு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். டீலரிடம் மட்டும் சொன்ன புகார் கம்பெனிக்குப் போவது டீலரின் மனசைப் பொறுத்தது. கம்பெனி எண்ணில் பதிந்தது டீலர் திரையில் தானாக வரும், முடித்துக் காட்டியாக வேண்டும்.

வண்டி எங்கே வாங்கினீர்களோ அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை. குடியாத்தத்தில் வாங்கிய வண்டியை ஆரணி டீலரும் பார்க்கலாம், அதே கம்பெனியின் அங்கீகாரம் இருந்தால் போதும். "வாங்கின இடத்துக்குப் போங்க" என்றால், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள், வண்டியை எடுத்துக்கொள்வார்கள்.

ஜாப் கார்டு எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். புகாரைக் குறித்துக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் வழக்கமாக எழுதுவது: "ஆயில் லீக் செக். ஜெனரல் செக்கப்." இதில் எதுவும் இல்லை. எழுத வேண்டியது இப்படி:

"412 மணி. பெல் ஹவுசிங் ஓட்டையில் இன்ஜின் ஆயில் கசிவு, ஒரு ராத்திரிக்கு சுமார் 40 மில்லி. மூன்றாம் கியரில் லோடோடு மேடு ஏறும்போது கிளட்ச் ஸ்லிப். 250 மணி சர்வீஸுக்குப் பிறகு தொடங்கியது. இதே புகாருக்கு இரண்டாம் முறை. முந்தைய ஜாப் கார்டு எண் இது."

வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் இந்த வரிகள் ஏறிய பிறகு கையெழுத்து, நகல் கையில். வெற்று ஜாப் கார்டில் கையெழுத்துப் போடாதீர்கள். மெக்கானிக் நிலத்துக்கே வந்தால் அதற்கும் ஜாப் கார்டு அல்லது சர்வீஸ் ஸ்லிப் கேளுங்கள். அவரிடம் புத்தகம் இல்லை என்றால் அவர் நிற்கும்போதே டீலர் எண்ணுக்கு ஒரு வாட்ஸ்அப்: "இன்று உங்கள் மெக்கானிக் வந்து பார்த்தார், 318 மணி, சீல் மாற்ற வேண்டும் என்றார்." பதில் வராவிட்டாலும் தேதி நிற்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

டீலர் பாகத்தைக் கழற்றி, போட்டோவோடு கம்பெனி தளத்தில் கிளெய்ம் ஏற்றுவார். பெரிய தொகை என்றால் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் இன்ஜினியர் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும், காத்திருப்பு அங்கேதான். கெட்ட பாகம் டேக் கட்டி கம்பெனிக்குத் திரும்பப் போகும், உங்களுக்குத் தர மாட்டார்கள். ஆனால் கழற்றும்போது நீங்களோ டிரைவரோ அங்கே இருந்து, உடைந்த முகத்தையும் பாக எண்ணையும் டேக்கையும் போட்டோ எடுக்கலாம்.

டீலர் ஏன் சுணங்குகிறார் என்பதற்கும் காரணம் உண்டு. வாரண்டி வேலைக்கான கூலியைக் கம்பெனி தான் வைத்த மணிக்கணக்கில்தான் கொடுக்கும். காசு கொடுக்கும் வாடிக்கையாளரிடம் வாங்குவதைவிட அது குறைவாக இருக்கும். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் பாகத்தின் காசும் டீலர் தலையில் விழும். அதனால் நல்ல போட்டோ, சரியான மணி, சர்வீஸ் கூப்பன் நகல் ஆகியவற்றை நீங்களே கொடுத்தால் அவருக்கும் தைரியம் வரும். டீலரை எதிரியாக நினைத்துப் போவது பல நேரம் வேலைக்கு ஆகாது.

வேலை தொடங்கும் முன் ஆயில், கேஸ்கெட், கூலண்ட் யார் காசு என்று கேட்டுவிடுங்கள். வாரண்டி வேலையில் கொட்டிப்போகும் ஆயிலைச் சில கம்பெனி தரும், சில தராது. மாற்றிய பாகத்துக்குப் புதிதாக வாரண்டி தொடங்குவது அரிது. பெரும்பாலும் பழைய கணக்கின் மீதிதான்.

வாரண்டி சமீபத்தில்தான் முடிந்தது என்றால் உடனே கைவிட வேண்டாம். நல்லெண்ண அடிப்படையில் பாகத்தின் விலையில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்கும் வழக்கம் உண்டு. டீலர் தானாகச் சொல்ல மாட்டார். "குட்வில் கிளெய்ம் போடுங்க" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், எல்லா சர்வீஸும் செய்த வண்டிக்குத்தான் கேட்க முடியும்.

மறுத்தால்

வாய்வழி மறுப்பை ஏற்காதீர்கள். எந்த விதியின் கீழ், எந்தக் காரணத்துக்காக என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு ஏரியா மேலாளர், மண்டல அலுவலகம், கம்பெனி தலைமை வாடிக்கையாளர் பிரிவு என்று மின்னஞ்சல். ஒப்புகையோடு விரைவுத் தபாலில் டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரே கடிதம்:

"சேஸிஸ் எண் ..., பில் தேதி ..., தற்போது ... மணி. ... தேதியில் ... மணியில் ... கோளாறு, புகார் எண்..., ஜாப் கார்டு எண்கள் .... மூன்று முறை சரிசெய்தும் அதே கோளாறு தொடர்கிறது. 15 நாளுக்குள் பாகத்தை மாற்றித் தரவும், இல்லையேல் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தரவும் கேட்டுக்கொள்கிறேன்."

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலேயே பேசலாம். அது தீர்ப்புச் சொல்லும் இடம் இல்லை, கம்பெனிக்குப் புகாரைத் தள்ளி பதில் வாங்கும் இடம். சின்னக் கோளாறுகள் பல அதிலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுவை ஏற்றலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். "பார்க்கலாம், பேசலாம்" என்று டீலர் இழுப்பதில் இந்தக் கெடு கரையும்.

எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு கல்லை எறிவார். ஒன்று, வாடகைக்கு ஓட்டுகிறார், இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை என்பது. பிழைப்புக்காகச் சுயதொழிலாகச் செய்வது வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டமே சொல்கிறது. சொந்த நிலத்தின் சிட்டாவையும் வேறு வருமானம் இல்லை என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். இரண்டாவது, தயாரிப்புக் குறை என்பதற்கு நிபுணர் அறிக்கை எங்கே என்பது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோளாறை வெளி ஆளிடம் கழற்றிச் சரிசெய்துவிட்டு வழக்குக்குப் போனால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. பாகத்தைத் தொடாமல் வைத்து, தகுதியுள்ள பொறியாளரையோ சோதனைக்கூடத்தையோ வைத்துப் பார்க்க உத்தரவிடும்படி ஆணையத்தையே கேளுங்கள்.

வண்டி நின்ற நாட்களில் வாடகை டிராக்டருக்குக் கொடுத்த காசுக்குத் தேதி, நில அளவு, தொகை எழுதி வண்டிக்காரர் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். நஷ்ட ஈட்டுக் கணக்கு அதன்மேல்தான் நிற்கும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது என்பதற்காகக் கடன் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வாரண்டி வழக்குக்கும் கடன் தவணைக்கும் சம்பந்தமில்லை. வழக்கு நடக்கும்போதே கடன் கொடுத்தவர் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால், சோதிக்க வேண்டிய சான்றும் அதோடு போய்விடும்.